கேரியர் வேண்டாம் என்றவர்

ஓவர்சியர் வேலை கிடைத்ததும், பள்ளியோடு விட்ட சைக்கிளை மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. உயரம், பிரேக், டைனமோ, கேரியர் என்று பட்டியல் எழுதிக்கொண்டு தேனி கடைவீதிக்குப் போனேன்.

சைக்கிள் கடையில் ஒரு கிராம நர்ஸ் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, இடுப்பில் செருகிய முந்தானை. பேசி முடிக்கும்போதெல்லாம் புதுச் சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துக்கொண்டார்.

“இந்தக் கேரியரைக் கழட்டிருங்கண்ணே.”

கடைக்காரர் சிரித்தார். “சைக்கிள் மொட்டையா இருக்குமே ஆத்தா! பையை எங்கன வைப்பீக?”

“ஹேண்டில்ல தொங்கட்டும். கேரியர் இருந்தா புல்லுக்கட்டுக்கு மச்சினரு கேப்பாக, மூட்டைக்கு வீட்டுக்காரவுக எடுப்பாக. பிரசவம்னு ஆள் வந்து நிக்கயில சைக்கிள் சந்தையில நிக்கும். பழைய சைக்கிள் எனக்கு உதவாமப் போனதே அப்படித்தான். பத்து வருசமா நடக்கேன்.”

மணி அடித்தது. கடைக்காரர் ஸ்பானரை எடுத்தார்.

அவர் ஏறியதும் சைக்கிள் சற்று ஆடியது. சாலைக்குப் போவதற்குள் நேராகிவிட்டது.

நான் பட்டியல்படி கேரியரோடுதான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அதில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம், அந்த அம்மாவின் சைக்கிள் இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறதா என்று நினைத்துக்கொள்வேன்.