சமையல் வண்டியிலிருந்து இறங்கியவள்

கிர்ஸ்டன் ஹாகன், தெற்கிலிருந்து வடக்கே வயல் வயலாகப் போய்க் கூலிக்குக் கோதுமை அறுக்கும் எங்கள் குழுவுக்கு வந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. அறுவடை மெஷின் ஓட்டுவதில் ஏழு வருட அனுபவம். வடக்கு டகோட்டாவில் அப்பாவின் வயலில் பன்னிரண்டு வயதிலேயே மெஷினில் ஏறி உட்கார்ந்தவள். அப்பா நிலத்தை விற்றதும் ஓட்ட மெஷின் இல்லாமல் போனது. எங்கள் முதலாளி வெர்லின் குளிர்காலத்தில் அவளை ஃபோனில் கூப்பிட்டு, “உனக்குன்னு ஒரு மெஷின் தர்றேன்” என்று வாய் நிறையச் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் மே மாதம் டெக்சாஸ் வந்து இறங்கினாள். அன்று காலைதான் சமையல்காரி வேலையை விட்டுப் போயிருந்தாள்.

“ரெண்டு மூணு நாள் பாத்துக்கம்மா. ஆள் வந்துடும்” என்றான் வெர்லின்.

ஆள் வரவில்லை. அவன் தேடினால்தானே வருவதற்கு! ஓக்லஹோமா முழுவதையும் அவள் கரண்டியோடுதான் கடந்தாள். அவளுக்குச் சொன்ன மெஷினில் வெர்லினின் தங்கை மகன் டேட் உட்கார்ந்து, பாட்டை அலறவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். நான் டோரீன், அந்தக் குழுவில் பதினொரு வருடமாகக் கோதுமை லாரி ஓட்டியவள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெர்லின் மேல் வந்த கோபம் என் மேலும்தான்.

கான்சாஸில் ஆஸ்ட்மேயர் என்பவரின் வயல். மதியச் சாப்பாட்டோடு வந்த கிர்ஸ்டன், டேட்டின் மெஷினுக்குப் பின்னால் நடந்து போனாள். அறுத்துப்போட்ட கோதுமைத் தாளின் மேல் தன் தொப்பியைக் கவிழ்த்து, அதற்கடியில் கிடந்த கோதுமை மணிகளை எண்ணினாள். நேராக வெர்லினிடம் வந்தாள்.

“பின்னாடி கொட்டுது, வெர்லின். ஒரு தொப்பி எடத்துல முப்பத்தாறு மணி. உமிய ஊதுற காத்த கொறைக்கணும். இவன் பறக்கறதையும் கொறைக்கணும்.”

“உருளைக்கிழங்குல உப்பு கொறையுது. மொதல்ல அதப் பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாய் எல்லாவற்றிலும் அவள் சமைத்த இறைச்சிதான் இருந்தது.

மூன்று மணிக்கு ஆஸ்ட்மேயர் வந்தார். எங்கள் தொழிலில் விவசாயி சத்தம் போடத் தேவையில்லை. மெஷினுக்குப் பின்னால் போய் ஒரு முழங்காலை ஊன்றினாலே போதும், வேலை போகப் போகிறது என்று அர்த்தம். அவர் ஊன்றினார். தாளை விலக்கி வெகுநேரம் எண்ணினார்.

“என் கோதுமைய அறுக்க வந்தீங்களா, வெதைக்க வந்தீங்களா? கெளம்புங்க.”

வெர்லின் கத்தினான். டேட் கைக்குக் கிடைத்ததையெல்லாம் திருகினான். இன்னும் அதிகமாகக் கொட்டியது. கிர்ஸ்டன் அந்த மெஷினின் ஏணியில் ஏறிக் கதவைத் திறந்தாள்.

“எறங்கு.”

“மாமா...”

“மாமாவ அப்புறம் கூப்புடு. எறங்கு.”

இறங்கினான். அவள் காற்றைக் குறைத்தாள், சல்லடையைத் திறந்தாள், நிதானமாக ஒரு சுற்று அறுத்தாள். ஆஸ்ட்மேயர் மறுபடி முழங்காலை ஊன்றினார். இந்த முறை எண்ணுவதற்கு அதிகம் இல்லை. எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“இந்தப் பொண்ணு ஓட்டினா இருங்க. இல்லேன்னா ரோடு அந்தப் பக்கம்.”

சாயங்காலம் சமையல் வண்டி முன்னால் எல்லோரும் கூடியபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. “சரி, இப்ப யாரு சமைக்கிறது?” என்றான் வெர்லின். ஒன்பது ஆண்களும் என் பக்கம் திரும்பினார்கள். லாரிச் சாவி என் கையில்தான் இருந்தது.

“டேட் சும்மாதான நிக்கறான்” என்றேன்.

“அவனுக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது, டோரீன்.”

“மெஷினும்தான் ஓட்டத் தெரியாது. ஏத்தி வெச்சீங்கல்ல?”

ஒருவனும் சிரிக்கவில்லை. கிர்ஸ்டன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதன் பிறகு மொன்டானா வரை டேட் தீய்த்துவைத்த பீன்ஸைத்தான் தின்றோம். ஒருவரும் சாகவில்லை. கிர்ஸ்டன் இருட்டும்வரை அறுத்தாள். அவள் மெஷினுக்குப் பின்னால் எந்த விவசாயியும் இரண்டாவது முறை முழங்காலை ஊன்றவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் வெர்லினிடமிருந்து எங்கள் இருவருக்குமே ஃபோன் வரவில்லை. நாங்கள் வேறு குழுக்களில் சேர்ந்துகொண்டோம். போகிற ஊரிலெல்லாம் அவன் காபிக் கடையில் உட்கார்ந்து, “பொண்ணுங்கள சேத்தா பாதியில போட்டுட்டு ஓடிடுவாங்க” என்று சொல்கிறானாம். நாங்கள் அவனிடம் இருந்த அந்த வருடம் மொன்டானாவின் கடைசி வயலில் கடைசி வரிசையை அறுத்தவள் கிர்ஸ்டன். அந்தக் கோதுமையைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டியவள் நான்.