முதுகு மாஸ்டர்

மாஸ்டரின் மைத்துனன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு அடுத்து வேலைக்குப் போன வீட்டில்தான் மாஸ்டர் முதன்முதலாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். முதலில் எல்லோரையும் போலத் திரையைப் பார்த்து உட்கார்ந்து ஒரு தடவை கேட்பார். பிறகு எழுந்து, நாற்காலியை அப்படியே திருப்பி, எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரையோ கதவையோ ஒரு கணம் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்பார். "மாஸ்டர், படம் அந்தப் பக்கம் ஓடுது" என்று யாராவது சொல்லாத வீடே கிடையாது.

"படம் பாக்கறவங்க அந்தப் பக்கம் பாருங்க. நான் கேக்க வந்தவன்."

வீடுகளில் இருக்கும் ஹோம் தியேட்டர்களின் சத்தத்தைச் சமன் செய்து கொடுப்பது அவர் தொழில். கடையில் கேட்டது வேறு, வீட்டில் கேட்பது வேறு என்று புலம்புகிறவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். அந்த வீடுகளில் வசனம் முணுமுணுப்பாக இருக்கும். குண்டு வெடித்தால் அலமாரியில் கண்ணாடிச் சாமான் ஆடும். ஒரு காதுக்கு மழை கொட்டும், இன்னொரு காதுக்குத் தூறல்கூட இருக்காது. கதாநாயகன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால், எங்கேயோ சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருக்கிறது என்று வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவார். ஊஃபர் பெட்டிமேல் பூந்தொட்டி வைத்திருப்பவர்களை மட்டும் அவரால் மன்னிக்க முடிவதில்லை.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை வீட்டின் வாயை அடைப்பது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி மோட்டார் எல்லாம் நிற்க வேண்டும். ஒருமுறை ஃபிரிட்ஜை மறுபடி போடச் சொல்ல மறந்துவிட்டார். அந்த வீட்டுக்காரி மறுநாள் உருகி ஓடிய ஐஸ்கிரீமைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "ஸ்பீக்கர் எப்படி இருக்குன்னு சொல்லலையே" என்று பதில் போட்டார் மாஸ்டர்.

வீடு அடங்கியதும் அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். அது சுவர்களில் பட்டுத் திரும்புவதைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அதற்கப்புறம் ஒரு கேள்வி: "இந்த எடத்துல வழக்கமா யாரு உக்காருவாங்க?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் குடும்பத்தின் உள்விவகாரம் எல்லாம் அவிழ்ந்துவிடும். மாமியார் ஏன் பின்வரிசைக்குப் போனார், அண்ணனும் தம்பியும் ஏன் ஒரே சோபாவில் உட்காருவதில்லை, அந்த ஓர நாற்காலி ஏன் காலியாகவே கிடக்கிறது. மாஸ்டர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாதவர் மாதிரி அளவு நாடாவை இழுத்துக்கொண்டிருப்பார். நடு ஸ்பீக்கர் யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதோ அவர் கையில்தான் அந்த வீட்டு ரிமோட் இருக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அது இதுவரை பொய்த்ததில்லை.

எந்தப் படத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. மழை பெய்கிற இடம், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகிற இடம், பின்னால் யாரோ கதவைச் சாத்துகிற இடம், அவ்வளவுதான். "இவரு பாத்த படத்துல ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகல, ஒருத்தரும் சாகல, மழை மட்டும் விடாம பெய்யுது" என்பார் மனைவி. எல்லாம் முடிந்த பிறகு கடைசிச் சோதனைக்குச் செய்தி வாசிப்பு. செய்தி வாசிக்கிறவர் அழவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார். அந்தக் குரல் ஒழுங்காக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது மாஸ்டரின் கணக்கு.

முன்பெல்லாம் அவருக்குக் 'காது மாஸ்டர்' என்றுதான் பெயர். மனைவியின் தம்பி கூட்டாளி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நிதானமான ஆள். ஒயர் இழுப்பது, சுவரில் துளை போடுவது, ஏணி ஏறுவது அவன் பங்கு. கேட்பது இவர் பங்கு. சத்தத்தை எண்ணில் காட்டுகிற கைக்கடக்கமான மீட்டர் ஒன்றை மைத்துனன் வாங்கி வைத்திருந்தான். மாஸ்டர் வேலையை முடித்து எழுந்ததும், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அதைப் பிடித்துப் பார்ப்பான். எண்ணும் காதும் ஒத்துப்போகும். "என்ன மாப்ள சொல்றாரு உன் டாக்டரு?" என்று மாஸ்டர் சீண்டுவார். இப்படியே பல வருடம் ஓடியது.

நாற்காலியைத் திருப்புகிற வித்தை அப்போதும் உண்டு. ஆனால் அது வாடிக்கையாளர்களுக்கு. எல்லாம் முடிந்த பிறகும் "வலது பக்கம் என்னமோ கம்மியா இருக்கே" என்று இழுப்பவரைத் திருப்பி உட்கார வைப்பார்.

"இப்ப எந்தப் பக்கம் கம்மி? கம்மி பழைய செவுத்துப் பக்கமே நின்னா தப்பு என்னுது. உங்ககூடவே திரும்புச்சுன்னா தப்பு காதுல. ஸ்பீக்கர மாத்தாதீங்க, டாக்டரப் பாருங்க."

வீடே சிரிக்கும். ஒன்றிரண்டு பேர் அரண்டுபோய் நிஜமாகவே டாக்டரிடம் போனதும் உண்டு.

பிறகு எப்போதோ மீட்டரும் காதும் முரண்பட ஆரம்பித்தன. மாஸ்டர் சரி என்று எழுந்த வீடுகளில் இடது பக்க ஸ்பீக்கர்கள் கொஞ்சம் தூக்கலாகவே நின்றன. மைத்துனன் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியைக் காட்டினார், சோபாத் துணியைக் காட்டினார், ஒருமுறை அந்த வீட்டு நாயைக்கூடக் காட்டினார். மைத்துனன் அதற்கு மேல் வாதாடவில்லை. கிளம்பும்போது எதையோ மறந்துவிட்ட சாக்கில் தான் மட்டும் உள்ளே போய், இடது பக்கத்தைக் குறைத்துவிட்டு வருவான். புகார் ஒன்றும் வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம். மாஸ்டர் தன் காதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் வீட்டில் குட்டு உடைந்தது. டார்ச்சை எடுக்கத் திரும்பி வந்த மாஸ்டர், மைத்துனன் ஒரு கையில் ரிமோட்டும் இன்னொரு கையில் மீட்டருமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்ன மாப்ள பண்ற?"

"இடது கொஞ்சம் தூக்கல் மாமா. கொறச்சு விடறேன்."

"அது நான் வச்சது."

"தெரியும் மாமா. கொஞ்ச நாளா எல்லா வீட்டுலயும் அப்படித்தான் வைக்கிறீங்க. ஒரு தடவ நீங்களே திரும்பி உக்காந்து பாருங்களேன்."

பல் டாக்டர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; அவரும் ஒருமுறை மாஸ்டரால் திருப்பி உட்கார வைக்கப்பட்டவர். ஆனால் அந்தச் சிரிப்பு மாஸ்டருக்கு நன்றாகவே கேட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "உனக்கு மீட்டர் போதும்ல? அதத் தூக்கிக்கிட்டுத் தனியாவே போயிடு" என்றார்.

கோபத்தில் சொன்ன வார்த்தை, ஆறினால் மறந்துபோகும் என்று மாஸ்டர் நினைத்திருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் சினிமாக் கொட்டகைகளுக்கு ஸ்பீக்கர் அமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம் மைத்துனனைக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. அதுவரை தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவன் சரி என்று சொல்லிவிட்டான். அந்த வெள்ளிக்கிழமை அக்கா மட்டும் போய் வழியனுப்பினார். மாஸ்டர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்.

மீட்டரை அவன் கொண்டுபோகவில்லை. மாஸ்டருடைய பையின் பக்கவாட்டு அறையில் வைத்திருந்தான். நாள்பட்டால் கசிந்துவிடும் என்று பேட்டரியைக் கழற்றித் தனியாகக் காகிதத்தில் சுற்றியிருந்தான்.

அதற்கு அடுத்த வேலை ஒரு தையற்காரி வீட்டில். அந்தம்மா துணி கொடுக்க வந்தவளோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். அறையில் மாஸ்டர் மட்டும். செய்தி வாசிக்கிற குரல் ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்து உட்கார்ந்தபோது இடது பக்கம் கம்மியாக இருந்தது. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார். தப்பு ஸ்பீக்கரில் என்றால் இப்போது கம்மி அவருடைய வலது பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எழுந்து மறுபடி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். மறுபடி திருப்பினார். நிழல் மாதிரி அது அவர்கூடவே வந்தது.

"என்ன மாஸ்டர், கோவிச்சுக்கிட்ட மாதிரி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கீங்க?"

தையற்காரி உள்ளே வந்திருந்தார். மாஸ்டர் அசையவில்லை.

"இனிமே இப்படித்தாம்மா பாக்கணும். புது மொற."

சொன்ன பிறகு அந்தப் புது முறையை அவர் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. கண்டுபிடித்தும்விட்டார். இடது காது மந்தமானவன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் ஒரு பக்கத்தைக் கூட்டி வைப்பான். திரும்பி உட்கார்ந்தால் அதே அளவுக்கு மறுபக்கத்தைக் கூட்டி வைப்பான். இரண்டு தடவையும் வைத்துப் பார்த்து, நடுவில் எது வருகிறதோ அதில் நிறுத்தினால் காதின் கோணல் கழிந்துபோகும். வேலை இரட்டிப்பு. ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு தடவை, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு தடவை. பையிலிருந்து மீட்டரை எடுத்தால் கால்வாசி நேரத்தில் முடிந்துவிடும். அவர் எடுக்கவில்லை. மீட்டரை வைத்துப் பார்க்க யாரும் வரலாம். அதற்குக் காது மாஸ்டர் எதற்கு? காது போன காது மாஸ்டரைத்தான் யார் கூப்பிடுவார்கள்? வெளியே தெரிந்தால் பிழைப்பு அன்றோடு சரி.

தெரியவில்லை. மாறாகப் புகழ் கூடியது. வசனம் இவ்வளவு தெளிவாக எப்போதுமே இருந்ததில்லை என்று வீடுகளில் சொன்னார்கள். ஏன் திரும்பி உட்காருகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு வீட்டுக்கு ஒரு பதில் கிடைத்தது. கண்ணு பாத்தா காது சோம்பேறி ஆயிடும் என்று ஒரு வீட்டில். முன்னாடி வர்ற சத்தம் எல்லாருக்கும் கேக்கும், பின்னாடி என்ன நடக்குதுன்னு பாக்கத்தான் ஆள் வேணும் என்று இன்னொரு வீட்டில். பெயர் மெல்ல மாறி 'முதுகு மாஸ்டர்' ஆனது. கடைத்தெருவில் புதிதாகக் கடை போட்ட இரண்டு பேர் எதற்கென்றே தெரியாமல் தாங்களும் திரும்பி உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் குடும்பமே திரைக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்து, "ஆமா, இப்பதான் நல்லா கேக்குது" என்றது. மாஸ்டர் அவர்களைத் திருத்தவில்லை.

வீட்டில் சங்கதி வேறு. யாராவது சொன்னது காதில் விழாவிட்டால் 'என்ன?' என்று அவர் கேட்பதில்லை, சிரித்து வைப்பார். பால் தீர்ந்துவிட்டது என்றால் சிரிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் படியில் விழுந்துவிட்டார் என்றாலும் சிரிப்பார். மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கொஞ்ச நாளில் அவருடைய நாற்காலி மட்டும் மாஸ்டருக்கு வலது பக்கமாக இடம் மாறியது. பழைய பக்கம் காற்று வரவில்லை என்றார். தெருவில் நடக்கும்போதும் வலது பக்கம்தான். அங்கே காற்றுக்கு என்ன குறை என்று மாஸ்டர் கேட்கவில்லை.

தம்பியைப் பற்றிய செய்திகளும் வலது பக்கத்திலிருந்தே வந்தன. சம்பளம் கூடியிருக்கிறது, பெரிய பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறது, வீடு மாற்றியிருக்கிறார்கள். மாஸ்டர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருப்பார். பேப்பரை இறக்கச் சொல்லி மனைவி வற்புறுத்தினால், "அவனுக்கென்ன, மீட்டர் இருக்கு" என்பார்.

"மீட்டர் உங்க பையிலதான இருக்கு" என்று ஒருநாள் மனைவி சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அவனிடமிருந்து நேராக ஒரு தகவல் வந்தது வருடங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி பக்கத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் ஃபோனில் மைத்துனனின் பெயர். எழுத்தில் ஒன்றுமில்லை, குரல் பதிவு. மாஸ்டர் ஃபோனை மேசையில் வைத்து அழுத்தினார்.

"மாமா, நான்தான். இங்க புதுசா ஒரு கொட்டகை. மீட்டர் எல்லாம் சமம்னுதான் காட்டுது. ஆனா உக்காந்து கேட்டா ஒரு பக்கம் இழுக்குது. எந்தப் பக்கம்னு எனக்கே சந்தேகமா இருக்கு. எனக்கும் வயசாகுதுல்ல. நடு சீட்டுல மைக் வச்சுப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கேன், ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க. வேற யாருகிட்டயும் கேக்கத் தோணல மாமா."

அவ்வளவுதான். அக்காவைப் பற்றியோ, பல் டாக்டரைப் பற்றியோ ஒன்றுமில்லை. மனைவியின் கை ஒரு சட்டையின் மேல் நின்றிருந்தது.

மாஸ்டர் எழுந்து போய் அலமாரியில் ஹெட்ஃபோனைத் தேடி எடுத்து வந்தார். மின்விசிறியை நிறுத்தினார். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். எங்கோ ஒரு பெரிய காலிக் கொட்டகையில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை கை தட்டும் சத்தம். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார். இடது காதுக்கானது வலது காதில் வரும்படி அதைத் திருப்பி, மறுபடி மாட்டிக்கொள்ளத் தலை உயரத்துக்குத் தூக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை நேராக்கி மனைவியின் தலையில் மாட்டினார். கொண்டையில் இடித்தது, பட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"கண்ண மூடிக்க. எந்தப் பக்கம் தூக்கல்னு சொல்லு."

மனைவி மடியில் சட்டையோடு கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் நாற்காலியை நெருக்கி இழுத்துப்போட்டு, வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, அந்தக் காதை மனைவியின் வாய்க்கு நேராகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.