முடிக்கத் தெரியாத தும்பா

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு பட்டறையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பதினோரு பேர் சால்ஸா ஆடினார்கள். நான் தும்பா வாசித்தேன். செய்தியின் முதல் பத்தியில் இவ்வளவு இருந்தால் போதும் என்று இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மீதியை இடம் இருந்தால் போடலாம். இங்கே இடம் இருக்கிறது.

சம்பளம் பத்திரிகையில் வந்தாலும் என் கை மிருதங்கக் கை. எட்டு வயதில் ஆரம்பித்து முறையாகப் பயின்றவன். கோயில் உற்சவங்களிலும் சுற்று வட்டாரத்துக் கச்சேரிகளிலும் பக்கவாத்தியம் வாசித்து வருகிறேன். கச்சேரியின் நடுவில் பாடகர் வாயை மூடிக்கொண்டு எங்களை மட்டும் வாசிக்க விடும் பகுதிக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். அது தொடங்கியதும் சபையினர் காபிக்கு எழுந்து போவார்கள். ஒரு முறை வாசித்துக்கொண்டே எண்ணினேன். முப்பத்தொரு பேர் போனார்கள். இருபத்தாறு பேர் திரும்பி வந்தார்கள்.

பட்டறை முதலாளி என் பள்ளிக்கூடத் தோழர். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் யாரோ நாற்பது ஐம்பது பேர் ஒரு தெருவில் ஜோடி ஜோடியாகச் சால்ஸா ஆடிச் சுழன்றுகொண்டிருந்தார்கள். முதலாளியின் மனைவி அதை நான்கு முறை பார்த்துவிட்டு, சாப்பாட்டின்போது அறிவித்தார்.

"சாயந்திரம் ரிசப்ஷன்ல நாம ரெண்டு பேரும் இத ஆடுறோம்."

"எனக்கு முட்டி வலி இருக்குதே."

"மூணு மாசம் இருக்குது. அதுக்குள்ள சரியாயிடும்."

நான் அப்போது எதிரில் உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிரித்தேன். சிரித்த குற்றத்துக்காகத் தாளவாத்தியம் எனக்கு ஒதுக்கப்பட்டது.

கற்றுக்கொடுக்க ஆள் ஊரிலேயே இருந்தது. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெங்களூரில் ஐந்து வருடம் கணினி வேலையும் சால்ஸாவும் பார்த்துவிட்டு, வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் திரும்பி வந்திருந்தார். முதல் நாளே என் மிருதங்கத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒக்காந்து வாசிக்கிறது சார். ஆடுறவங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியாது. நின்னுக்கிட்டு வாசிக்கிறது வேணும்" என்றார். சேத்தியாத்தோப்பில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து ஒரு ஜோடி தும்பா வந்தது. இடுப்பு உயரத்துக்கு நிற்கும் நீளமான மேளங்கள். அவற்றின் முன்னால் நின்றபோது, பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவனைப் போல உணர்ந்தேன்.

தாளம் எனக்குச் சிரமமாக இல்லை. சால்ஸாவும் எட்டு எண்ணிக்கை, நம் ஆதி தாளமும் எட்டு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கால் வைக்க வேண்டும். நான்குக்குச் சும்மா இருக்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழுக்குக் கால். எட்டுக்குச் சும்மா. முதலாளியின் உறவும் நட்புமாக வகுப்பில் சேர்ந்த பதினோரு பேரில் ஏழு பேர் கச்சேரி கேட்டுப் பழகிய குடும்பத்துக்காரர்கள். அவர்களுக்கும் இது உடனே பிடிபட்டது. ஆனால் பிடிபட்டது கையில். ஜோடியின் கையைப் பிடிக்க வேண்டிய கையால் தொடையில் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக்கொண்டு நின்றார்கள். இடுப்பு எதிலும் கலந்துகொள்ளவில்லை.

"தாளம் போடாதீங்க! ஆடுங்க! இடுப்ப விடுங்க!" என்று கத்தினார் ஆசிரியை.

"நாங்க இடுப்ப விட்டா கீழ பிள்ளையார் ஆடுறாரும்மா" என்றார் முதலாளி.

உண்மைதான். மாடியில் பெட்டி கட்டிய சரக்கு இருந்தது. கீழ்த்தளத்தில், சூளைக்குப் போகாத ஈரப் பிள்ளையார்கள் பலகைகளில் காய்ந்துகொண்டிருந்தார்கள். முதல் ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலை அவர் எனக்குப் போன் செய்தார். "யோவ் வித்துவான், ஒரு பலகை பிள்ளையாரும் ஒரே பக்கமா சாஞ்சிருக்குது. அந்தப் பொண்ணு எங்கள எந்தக் கால்ல ஆரம்பிக்கச் சொல்லுது?" இடது கால் என்றேன். "அதான். அடுத்த வாரம் வலது கால்ல ஆரம்பிக்கச் சொல்லு. நிமிந்துடும்."

உண்மையான சிக்கல் இரண்டாவது வாரம் வந்தது. காரணம் நான்.

எங்களுடன் கீபோர்டு வாசித்தவர் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரே சிறு துண்டு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருப்பார். நான் தலையாட்டினால்தான் நிறுத்துவார். அதன் மேல் நான் என் இஷ்டத்துக்கு வாசிக்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இஷ்டத்துக்கு வாசிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் இஷ்டம் எப்போதும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும் இஷ்டம். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே சொல்லை மூன்று முறை அடித்து, மூன்றாவதன் கடைசி அடியைத் தாளத்தின் முதல் அடியில் கொண்டுவந்து இறக்குவோம். இதற்குத் தீர்மானம் என்று பெயர். நான்கு நிமிடம் போனதும் என் கை என்னைக் கேட்காமல் கணக்குப் போட்டது. ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம்.

மூன்றாவது தொம்மில் அந்த ஏழு பேரும் நின்றுவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அவர்கள் அப்படித்தான் செய்து பழகியிருக்கிறார்கள். இரண்டு பேர் "பலே" என்றார்கள். கச்சேரி கேட்டிராத நான்கு பேர் ஆடிக்கொண்டே வந்து அவர்கள் மேல் மோதினார்கள். முதலாளி கை தட்டுவதற்காகக் கையை எடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சுழன்றுகொண்டிருந்த அவர் மனைவி, பிடி இல்லாமல் நேராகப் போய்ப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ உடைந்தது.

"ரெண்டு கிலோ ஊறுகா ஜாடி" என்றார் முதலாளி, பெட்டியைத் திறக்காமலேயே. "ஒடஞ்சது மூடி இல்ல. அடி."

"நான் வுழுந்திருக்கேன், ஜாடியப் பத்திப் பேசுறாரு பாருங்க."

ஆசிரியை என்னிடம் வந்தார். "ஏன் சார் நிறுத்துனீங்க?"

"நிறுத்தல. முடிச்சேன்."

"யாரு முடிக்கச் சொன்னது? அம்மா அஞ்சு நிமிஷம் நிக்காம ஆடணும்னு ஆசப்படுறாங்க. இதுல முடிவுன்னு ஒண்ணு கெடையாது. போய்க்கிட்டே இருக்கணும்."

பையிலிருந்து ஒரு நீல நிற பென் டிரைவை எடுத்து என் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "இதுல பாட்டு இருக்குது. இது நடுவுல முடிக்காது. இன்னொரு தடவ அந்த மூணத் தட்டுனீங்கன்னா, ரிசப்ஷன்ல நீங்க மொத வரிசையில ஒக்காந்து பாக்கலாம்."

நாற்பது வருடத்துக்கு மேல் வாசித்தவன் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக்கிடம் இடத்தை இழப்பதா? எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. ஊரிலும் செய்தி பரவியிருந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "பென் டிரைவா நீங்களான்னு முடிவாயிடுச்சா?" என்று கேட்டார்.

அடுத்த இரண்டு வாரமும் தீர்மானத்தை விழுங்கினேன். விழுங்குவது எளிதல்ல. தும்மல் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வதுபோல. ஆசிரியை தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். "சார், கணக்குப் போடுறீங்க. கண்ணு மேல போவுது பாருங்க." உடனே கண்ணைக் கீழே இறக்குவேன். பென் டிரைவ் பைக்குள் போகும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கணக்குப் போடும் மூளைக்கு வேறு வேலை கொடுத்தேன். கடலூர் போகும் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தேன். மனதுக்குள்தான். விருத்தாசலம், ஊத்தாங்கால்மங்கலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர். கடலூர் வந்ததும் இறங்கக் கூடாது. இறங்கினால் கை முடித்துவிடும். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று வர வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் கை ஒரு மாதிரி போயிற்று. நெய்வேலிக்குக் கனமாக, வடலூருக்கு மெதுவாக. நான் எந்தக் கணக்கையும் கட்டவில்லை, கோக்கவில்லை. எங்கும் போய்ச் சேராமல் வாசித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. நன்றாகவே இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

விழா நாள். காலையில் சடங்குகள். மாலை ஆறரைக்கு மண்டபத்தில் வரவேற்பு. சாப்பாட்டுப் பந்தி எட்டு மணிக்கு. முதலாளி பேன்ட் சட்டை. அவர் மனைவி பட்டுப் புடவை, மடிப்பில் ஒன்பது ஊக்கு. அவரே சொன்ன எண்ணிக்கை. காலையில் நாகஸ்வரத்துக்கு வாசித்த தவில்காரர், பந்திக்குக் காத்துக்கொண்டு முதல் வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். ஆசிரியை ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் நின்று, நீல பென் டிரைவை இரண்டு விரலில் பிடித்து என்னிடம் காட்டினார்.

ஏழே முக்காலுக்குத் தொடங்கினோம். ஒரே ஒரு ஆள் கூடக் காபிக்கு எழுந்து போகவில்லை. என் வாசிப்பு காரணம் என்று எழுத ஆசைதான். முதலாளியின் இடுப்பு காரணம். ஊரில் அதை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

முதல் முறை கடலூர் போய்த் திரும்பியபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆறு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாவது முறை வடலூரில் முதலாளியின் சட்டை நனைந்திருந்தது. கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. முடிவு கிடையாது, போய்க்கிட்டே இருக்கணும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட ஒரே விதி. ஆசிரியையைப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்போதுதான் ஒன்று உறைத்தது தெரிந்தது. மூன்று மாதமாக முடிக்காதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். எப்படி முடிப்பது என்று யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை கடலூர் போனோம். ஜோடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று நாற்காலிகளில் விழுந்தார்கள். மேடை நடுவில் அறுபதாம் கல்யாண ஜோடி மட்டும். அவர்களாக நிறுத்த முடியாது. பாட்டு ஓடும்போது நின்றால் தோற்றதாக ஆகும் என்று முதலாளியின் மனைவி முன்னமே எச்சரித்திருந்தார். ஊக்குகளில் இரண்டு விழுந்து கிடந்தன. முதலாளி ஒவ்வொரு சுற்றிலும் என் பக்கம் வரும்போது ஒரு சொல் சொல்லிக்கொண்டு போனார்.

"யோவ்."

அடுத்த சுற்றில், "போதும்யா."

அதற்கடுத்த சுற்றில், "அந்த மூணத் தட்டுய்யா!"

ஆசிரியையைப் பார்த்தேன். அவர் பென் டிரைவ் இருந்த கையாலேயே மூன்று விரலைக் காட்டினார்.

குறிஞ்சிப்பாடியில் இறங்கினேன். கை இத்தனை வாரமாக விழுங்கி வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்தது. முதல் ததிங்கிணதொம்மில் நாற்காலியில் விழுந்து கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டாவதில் மண்டபமே தொடையில் தாளம் போட்டது. மூன்றாவதன் தொம்மில் முதலாளி மனைவி சுற்றி முடித்து நின்றார். கீபோர்டு நின்றது. இந்த முறை முதலாளி கையை விடவில்லை. பிடித்துக்கொள்ள அவருக்கு அது தேவைப்பட்டது. சுமார் இருநூறு பேர் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள்.

உண்மையைச் சொன்னால், கடைசி அடி கால் மாத்திரை முன்னால் விழுந்தது. மண்டபத்தில் அதைக் கவனித்தவர் தவில்காரர் ஒருவர்தான். காபி டம்ளரிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பந்திக்கு எழுந்து போனார்.

"எத்தன நிமிஷம்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் முதலாளியின் மனைவி.

"பதினேழு" என்றேன். பழக்கதோஷத்தில் மணி பார்த்திருந்தேன்.

"அஞ்சுதான் கேட்டேன்" என்றார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாப்பிடும்போது ஆசிரியை எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் வேப்பூரில் ஒரு கல்யாணம், அவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்றார். "அஞ்சாவது நிமிஷம் நான் மூணு விரல் காட்டுறேன். அப்ப மட்டும் தட்டுங்க."

"பென் டிரைவ்?"

"அதுல பாட்டே கெடையாது சார். எங்க சித்தப்பா பாஸ்போர்ட் போட்டோ எட்டு இருக்குது" என்றார். பிறகு பாயசம் வந்தது.