ஒரு கை தூரம்

என் வயிற்றில் குழந்தை இடம் பிடிக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஆறு வருடம் காத்திருந்த கர்ப்பம். அன்று காலை அடிவயிற்றில் தொடங்கிய வலியை மாமியார் கும்பிட்டு வரவேற்றார். எனக்கும் அதை நம்பப் பிடித்திருந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மலேசியாவில், ஈப்போ நகரத்துக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில், செம்மண் சாலையின் முடிவில் எங்கள் ரப்பர் தோட்டம். தோட்டத்துக்கு ஒரே டிரஸர் (மருத்துவர் இல்லாத இடத்தில் சிகிச்சை அளிக்கும் உதவியாளர்) சாமிநாதன். ஓட்டுநரை நிர்வாகம் நிறுத்திய பிறகு ஆம்புலன்ஸ் வேனை ஓட்டுவதும் அவரே. ஊசி போடுவதும், ஆளைத் தூக்கிப் படுக்க வைப்பதும், திரும்பி வந்து இரத்தத்தைக் கழுவுவதும் அவரே.

பத்து மணிக்கு வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"தோள்பட்டை வலிக்குதா தங்கச்சி?"

வலித்தது.

"இப்பவே ஈப்போ போலாம்."

மாமியார் வாசலை மறித்தார். "அந்த ரோட்டுல குலுங்கிப் போனா புள்ள தங்குமா லா? நீங்க பெத்துப் பாத்திருக்கீங்களா ஐயா?"

"பெத்ததில்ல ஆத்தா. பெக்கப் போய்ச் செத்தவங்களப் பாத்திருக்கேன்."

ஆஸ்பத்திரிக்குப் போக மறுப்பவர்களிடம் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். மாமியார் பெருவிரலை மையில் அழுத்தினார். என் உடம்புக்கு அவருடைய கைநாட்டு. கையெழுத்துப் போடத் தெரிந்த நான், இரவல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்த நான், பேசாமல் படுத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு எழுந்து நின்றேன், விழுந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய்ச் சாலையில் வேனை நிறுத்தினாள். அதற்குள் ஏற்கெனவே செல்லம்மா படுத்திருந்தாள். ரப்பர்ப் பால் கட்டியைத் தகடாக உருட்டும் இயந்திரத்தில் வேலை செய்பவள், என் வயதுக்காரி. இயந்திரம் அவள் கையை இழுத்துவிட்டிருந்தது. எனக்காக வேன் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குத் திரும்பியதில் அவளுக்கு அரை மணி நேரம் போயிற்று.

நோயாளி அல்லாதவர் யாரையும் ஏற்றினால் டிரஸரின் வேலை போகும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. எனவே எங்களோடு யாரும் ஏறவில்லை. இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே ஒரு கை தூரம். சாமிநாதன் என் வலது கையை எடுத்துச் செல்லம்மாவின் கட்டின் மேல் வைத்தார்.

"குலுங்கினா கட்டு நழுவும். அழுத்திப் புடிங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வாங்க. சத்தம் கேட்டாத்தான் நெனவோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"நல்ல ஆளத்தான் புடிச்சீங்க ஐயா," என்றாள் செல்லம்மா. "பால் வாளியவே நேரா புடிக்க மாட்டா லா இவ."

சிரித்தோம். சிரித்தபோது என் வயிற்றுக்குள் ஏதோ கிழிந்தது. பள்ளங்கள் வந்தன. துணி சூடாக நனைந்துகொண்டே இருந்தது. முன்னாலிருந்து அவர் எங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். நான் விரல்களை மாற்றி மாற்றி அழுத்துவதைச் செல்லம்மா கவனித்திருக்க வேண்டும்.

"கமலா, கை வலிக்குதா? வேணும்னா கொஞ்சம் விட்டுட்டுப் புடி."

எனக்கு நினைவிருக்கும் கடைசிக் குரல் அதுதான்.

கண் விழித்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. எனக்கு வந்தது கருக்குழாய்க் கர்ப்பம் (கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்குவது, ஒருநாள் குழாய் வெடிக்கும்) என்று மருத்துவர் சொன்னார். குழந்தை கருப்பையில் இடம் பிடித்திருக்கவே இல்லை. செல்லம்மா வழியிலேயே போய்விட்டாள் என்று என் கணவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

தோட்ட அலுவலகத்தில் விசாரணை நடந்தது. நோயாளியைக் கவனிப்பாரின்றி விட்டதாக டிரஸர்மீது குற்றச்சாட்டு. கட்டை நான் பிடித்திருந்ததை அவர் எங்கும் சொல்லவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

"நீதான் மயக்கத்துல இருந்தியே?" என்றார் விசாரணையை எழுதிக்கொண்டிருந்த தோட்டத்து எழுத்தர், கிராணி.

"மயங்குறதுக்கு முன்னால எல்லாம் தெரியுங்க."

அவர் 'மயக்கம்' என்று மட்டும் எழுதிக்கொண்டார். உத்தரவை மீறாமல் நடந்த சாமிநாதனுக்கு வேலை போயிற்று. மறுமாதம் வேனுக்கு ஓர் ஓட்டுநரும், பின்னால் உட்கார ஓர் உதவியாளரும் வந்தார்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு: கர்ப்பத்தில் அடிவயிற்று வலியோடு தோளும் வலித்தால், வரும் முதல் வண்டியில் ஏறிவிடுங்கள். உங்களுக்காக வேறொருவர் கைநாட்டு வைக்க விடாதீர்கள்.

எண்பதுகளில் தோட்டம் விற்கப்பட்டது. நாங்கள் ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்தோம். வயிற்றுத் தழும்பு வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால் மட்டும் என் வலது கை தானாக இறுகிக்கொள்கிறது. அது கடந்து மறையும் நேரம் எனக்கு ஒன்றரை மணி நேரம். கை தானாக நழுவியதா, அவள் சொன்னதும் நான் விட்டேனா என்பது இன்றுவரை தெரியவில்லை.

சாமிநாதன் தெலுக் இந்தானில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்து, போன வருடம் இறந்தார். அந்த வேனில் போன மூவரில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.