மூன்று புள்ளிகள்

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதெல்லாம் லோகேஸ்வரிக்கு ஒத்துவராது. வாணலிக்குள் நீளமான வெப்பமானியை விட்டு, நூற்றெழுபத்தைந்து பாகை வந்து, அது அங்கேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் வடை இறங்கும். “பசிச்சவங்கள காக்க வெச்சிட்டு எக்ஸ்பெரிமென்ட் பண்றாங்க லா,” என்று தங்கை புஷ்பவள்ளி முணுமுணுப்பார். “சூடு ஏறுறது வேற, நிக்கிறது வேற,” என்பார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

லோகேஸ்வரிக்கு எழுபத்திரண்டு வயது. ஜெலுத்தோங்கில் எட்டாவது மாடி வீடு. பாசாரில் மீன்காரர் “இப்பதான் வந்துச்சு அக்கா” என்றால், “எத்தன மணிக்கு?” என்று கேட்பார். ‘கொஞ்சம்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

முப்பத்தோர் ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் திரவங்களை அளந்தவர். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால், “ஒண்ணும் கண்டுபிடிக்கல. அளந்தேன்,” என்பதுதான் பதில். செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு திரவத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து இத்தனை பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஆவி எவ்வளவு அழுத்தும்? அவ்வளவுதான் கேள்வி. பாகைக்குப் பாகை, திரவத்துக்குத் திரவம், அதற்கான விடைகளை அட்டவணையாக்கி வெளியிட்டார். எங்கோ ஒரு நாட்டில் ஆலை கட்டுகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் குழாயின் கனத்தை முடிவு செய்வார். அவர் பெயர் இவருக்குத் தெரியாது. இவர் முகம் அவருக்குத் தெரியாது.

அந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வடை ஆறிப்போகும். தாழ்வாரத்தின் கோடியில் சின்ன அறை. காற்று பட்டால் அளவு ஆடும் என்று ஏர்கோன் கூடப் போடமாட்டார்கள். குடுவை மூழ்கியிருக்கும் தொட்டியின் சூடு நிலைக்க நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். இவரும் உதவியாளர் சிக்கந்தரும் ஆளுக்கொரு முக்காலியில் வியர்வை வழிய உட்கார்ந்திருப்பார்கள். சன்னலுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். “பேசவே மாட்டோம். ஆனா அப்படி ஒரு கூட்டு எனக்கு வேற யாரோடயும் அமையல,” என்பார்.

சென்ற மாதம் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். உலகம் முழுவதும் எடுத்த அளவுகளை ஒன்றுசேர்த்துக்கொண்டிருக்கிறாராம். லோகேஸ்வரியின் 1993ஆம் ஆண்டு அட்டவணையை வரைபடமாக்கினால் மூன்று புள்ளிகள் மட்டும் மற்ற எல்லோருடையதையும்விடத் தாழ்ந்து நிற்கின்றன, அவற்றைச் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

“மத்தவங்கதான் தப்பா அளந்திருப்பாங்க,” என்றார் லோகேஸ்வரி. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அலமாரி மேலிருந்து பழைய நோட்டுப் புத்தகங்களை இறக்கினார். மூன்றும் அவர் கையெழுத்துதான். தேதியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கணவர் இறந்த ஆறாம் நாள் அது. வீட்டில் இருக்க முடியாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போன நாள். ஓரத்தில், பென்சிலில், சிக்கந்தரின் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘45 நிமிசம் நிக்கல. டாக்டர் 20லயே எழுதிட்டாங்க.’

திரவம் முழுச் சூட்டுக்கு வருமுன்னே எழுதிய எண்கள். முப்பது வருடங்களாக அச்சில் நின்ற பிழை.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஃபெர்ரி ஏறி அக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போனார். சிக்கந்தர் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு குவளை தே கலக்கி வந்து வைத்தார். லோகேஸ்வரி பக்கத்தைத் திறந்து காட்டினார்.

“ஏன் அப்பவே சொல்லல?”

“எப்படி டாக்டர் சொல்றது? அன்னிக்கு அழவும் இல்ல, பேசவும் இல்ல. அந்த மீட்டரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அதையும் தப்புன்னு சொன்னா நீங்க எங்க போவீங்க?” பக்கத்துச் செடியில் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். “எழுதாம விடவும் மனசு வரல. அதான் பென்சில்ல.”

“நாளைக்கே திருத்தம் அனுப்பப்போறேன்.”

“அனுப்பாதீங்க டாக்டர். யாரு பாக்கப்போறா? இவ்ளோ வருசத்து பேரு போயிடும்.”

“அந்தப் பேருல பாதி உங்களுது. ஒரு தடவகூட உங்க பேர நான் கட்டுரையில போடல. ‘உதவியதற்கு நன்றி’ன்னு கடைசியில ஒரு வரி எழுதினேன். இந்தத் திருத்தத்துல ரெண்டு பேரும் இருக்கணும்.” பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். “உங்க முழுப் பேரு என்ன, சிக்கந்தர்? எனக்குத் தெரியாது.”

சிக்கந்தர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். தகப்பனார் பெயரோடு சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதினார். கடல் காற்றில் தாள் படபடத்தது. அவர் எழுதி முடிக்கும்வரை, தாளின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் லோகேஸ்வரி.