வெயிலிலிருந்து வந்தவள்

1963 ஜூலை 18, வியாழக்கிழமை, பிற்பகல் நாலரை மணி. கல்லூரியிலிருந்து நடந்து வந்து பின்வாசலில் செருப்பைக் கழற்றியபோது, முன்னறையில் எங்கள் தகப்பனாரான அத்தாவுடன் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்காகப் பேசிவைத்திருந்த வடமதுரை மாப்பிள்ளை.

எங்கள் வீட்டில் மணப்பெண் மாப்பிள்ளை இருக்கும் பக்கமே போகமாட்டாள். திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவந்து சொல்வது தங்கையின் பொறுப்பு. அக்காவிடம் இருந்ததெல்லாம் மூன்று மாதத்துக்கு முன் வந்த ஒரு போட்டோ. சுருள்முடி, ஒட்டிய கன்னம், இளமை. அந்த முகத்தோடு அவள் மனத்துக்குள் குடித்தனமே நடத்தத் தொடங்கியிருந்தாள்.

அன்று வகுப்பில் கிரேக்க ஞானி ஒருவரின் குகைக் கதையைப் படித்திருந்தோம். பிறந்தது முதல் குகைக்குள் சங்கிலியில் கட்டுண்டு கிடந்து, சுவரில் விழும் நிழல்களையே உலகமென்று நம்பும் மனிதர்கள். சங்கிலி என்பது பழக்கம். நிழல் என்பது பிறர் காட்டக் காண்பது. குகைக்கு வெளியே ஒளிரும் கதிரவன் என்பது உண்மை. இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டேன். வெளியே சென்று, கண்டதைச் சொல்லத் திரும்பியவன் இருட்டில் தடுமாறுவான், மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற இடம் மட்டும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னவனைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்?

திரையிடுக்கில் நான் கண்டவருக்கு வயது நாற்பதுக்குக் குறையாது. காதோரம் முழுதும் நரை. கன்னம் தளர்ந்திருந்தது. போட்டோ அவருடையதுதான், ஆனால் மிகப் பழையது.

அடுக்களையில் காத்திருந்த அக்காவிடம் கண்டதை ஒன்றுவிடாமல், தேர்வில் விடை எழுதுவதைப்போல வரிசையாகச் சொன்னேன். அது என் பிழை.

அவள் சிரித்தாள். "வெயில்ல நடந்து வந்திருக்கே. உள்ள நுழைஞ்சதும் கண்ணு இருட்டியிருக்கும். செத்த நேரம் கழிச்சுப் பாத்திருக்கணும்."

"நல்லாத்தான் பாத்தேன்க்கா."

"இம்புட்டுப் படிச்சும் ஒரு ஆளப் பாத்துச் சொல்லத் தெரியலையேடி உனக்கு."

அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு நின்றிருந்தது.

"எனக்கு இருபத்தெட்டு வயசு. இவரையும் வேணாம்னு சொன்னா அப்புறம் யாருடி வருவா? அத்தாகிட்ட ஒண்ணும் சொல்லிராதே."

குகைக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை அத்தா சம்மதம் கேட்டார். அக்கா தலையசைத்தாள். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால், வடமதுரைக்கு அனுப்பவேண்டிய சம்மதக் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். உட்கார்ந்து எழுதினேன்.