பிரடைக்கு இட்ட எண்ணெய்

கணவர் கைவிட்டதால் மதுரையிலிருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்த அத்தைக்கு, என் எட்டாம் வயதில், பெண்கள் பள்ளியொன்றில் வீணை ஆசிரியை வேலை கிடைக்கவிருந்தது. தலைமையாசிரியைக்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும்.

அவளுடைய அண்ணனாகிய என் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம வீட்டுப் பொம்பள சம்பளத்துக்கு வாசிச்சா, நான் மாசி வீதியில தல நிமிந்து நடக்க முடியுமா?" என்றார்.

"குனிஞ்சு நடங்கண்ணே, கல்லு தடுக்காது," என்றாள் அத்தை. அப்பா சிரித்துவிட்டார், போய்வரச் சம்மதமும் தந்தார்.

ஐப்பசி மழையில் மரம் உப்பி, தந்தியை முறுக்கும் பிரடைகள் அசைய மறுத்தன. அத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணி துவைக்கும் காய்ந்த சவுக்காரத்தையும் சாக்கட்டியையும் மாறிமாறித் தேய்த்தாள். சவுக்காரம் பிரடையைத் திரும்பவிடும், சாக்கட்டி வழுக்காமல் பிடித்து நிறுத்தும் என்று எனக்கும் சொன்னாள். வண்டியில் குலுங்கி அறுந்துவிடாதிருக்கத் தந்திகளைத் தளர்த்தியே வைத்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் புறப்படுமுன் அவள் குளிக்கப் போனபோது அப்பா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு என்னை அழைத்தார். "அத்தைக்குக் கை வலிக்கும்ல பாப்பா? பிரடை நுழையிற ஓட்டையில எல்லாம் ரெண்டு சொட்டு விடு, லேசாத் திரும்பும். அவகிட்டச் சொல்லிராத." அப்பா இளமையில், இதேபோல் பிரடை முறுக்கும் வயலினை மூன்றாண்டுகள் கற்றவர். நான் சிந்தாமல் விட்டேன்.

பள்ளியில் அத்தை சுருதி கூட்ட முனைந்தாள். பிரடை லேசாகத்தான் திரும்பியது. கையை எடுத்ததும் அதே லேசில் பின்வாங்கியது. தந்திகள் தொய்ந்து தொய்ந்து விழுந்தன.

"இன்னொரு நா வாரேம்மா," என்று கெஞ்சினாள்.

"சுருதியே நிக்கலையே, பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீங்க?" என்றார் தலைமையாசிரியை.

அத்தை தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். திரும்பும் வழியில் ஜட்கா வண்டியில் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வாசலில் அப்பா கேட்டார்: "என்னாச்சு?"

"மழைக்குப் பிரடை வழுக்கிருச்சுண்ணே."

மழைக்குப் பிரடை இறுகுமேயன்றி வழுக்காது. வயலின் கற்ற அப்பா அதைத் திருத்தவில்லை. "போகட்டும் விடு. ஒனக்கு இங்க என்ன கொறச்சல்?" என்றார்.

ரகசியத்தைச் சொன்னதற்காக எனக்கு அடி விழாதிருக்கவே அத்தை பொய் சொன்னாள் என்று நம்பி, அன்று முழுவதும் அவளை ஒட்டிக்கொண்டே திரிந்தேன். அப்பா இடும் சோற்றை உண்டு, அந்த வீட்டில்தான் இனி அவள் காலம் தள்ள வேண்டும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.